அவசரப் பிரிவு, மூன்றாம் ஜன்னல்

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருபத்திரண்டு வருடமாக போட்டோ கடை வைத்திருப்பவருக்குச் சொந்தமாக ஒரு பாஸ்போர்ட் கிடையாது. கேட்டால் சிரிப்பார். "நான் எங்கே போகப் போறேன்? போறவங்களை அனுப்பி வைக்கிறதுதான் என் வேலை" என்பார். எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பக்கூடாது, எந்த ஜன்னலில் யார் உட்கார்ந்தால் காரியம் நடக்கும், எத்தனை மணிக்கு மேல் போனால் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சாலையைக் கடந்து உள்ளே ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

தெருவில் அவரை டச்சப் என்பார்கள். உண்மைப் பெயர் கடைப் பலகையில் இருந்தது, வெயிலில் வெளுத்து அதுவும் போய்விட்டது. ஒரு முகத்தை வந்தது வந்தபடி விட அவரால் முடியாது. கம்ப்யூட்டரில் படம் ஏறியதும் கை அரிக்க ஆரம்பித்துவிடும். மச்சம் போகும், தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே தொங்கும் பை போகும், காது மடலில் நீட்டிக்கொண்டிருக்கும் முடி போகும். யாரும் கேட்கவேண்டியதில்லை, அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. "பத்து வயசு குறைச்சிட்டீங்களே" என்று வாடிக்கையாளர்கள் பூரித்துப் போவார்கள். அந்தப் பூரிப்பில் அவரும் கொஞ்சம் குளிர்ந்து போவார்.

இரண்டு வருடமாக அதற்கு ஒரு கேடு வந்திருந்தது. மூன்றாம் ஜன்னலுக்கு ஒரு புது அதிகாரியம்மா வந்து, அவர் கடைப் படங்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார். தொங்கிய முகத்தோடு சாலையைக் கடந்து திரும்புகிறவர்களிடம் டச்சப், "அந்தம்மாவுக்குக் கண்ணுல கோளாறு" என்று சொல்லிவிட்டு, இலவசமாக இன்னொரு படம் எடுத்துத் தருவார். இந்த முறை மச்சத்தைப் பாதி விட்டுவைப்பார்.

திங்கட்கிழமை மகள் போன் செய்தாள். நான்கு வருடமாகத் தூர தேசத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. தாயில்லாத பெண், டச்சப் தனி ஆளாக வளர்த்தது.

"தலையில சின்னதா ஒரு கட்டிப்பா. வெள்ளிக்கிழமை காலையில எடுத்துடுவாங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். நீங்க வந்தா நல்லா இருக்கும்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான்கு வருடத்தில் அவள் அவரை வா என்று கூப்பிட்டது இதுவே முதல் தடவை. அதுதான் சாதாரணமாக இல்லை.

அந்த நாட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம், போய் இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்தான் வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு விமானம், அதில் போனால் வியாழன் காலையில் மகள் பக்கத்தில் இருக்கலாம். அதை விட்டால் அடுத்தது வெள்ளிக்கிழமைதான், அதில் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். மருத்துவமனைக் கடிதம் இருந்தால் அவசரப் பிரிவில் அன்றைக்கே பாஸ்போர்ட் கொடுப்பார்கள் என்று டச்சப்பே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறார். மகள் கடிதத்தை அனுப்பியிருந்தாள். அந்த ஊர் மொழியில் ஒன்றரைப் பக்கம். மகள் பெயரும் தேதியும் தவிர அவருக்கு எதுவும் புரியவில்லை. "நீங்க படிக்க வேண்டாம்பா, அப்படியே ஆபீஸ்ல குடுங்க, அவங்க படிச்சுக்குவாங்க" என்று சொல்லியிருந்தாள். தன் கடைப் பிரிண்டரில் எடுத்து, மடிக்காமல் கவரில் போட்டு வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றார். நின்றவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முன்னால் நின்றவரின் படிவத்தில் மூன்றாம் பக்கக் கையெழுத்து விட்டுப்போனதைக் கண்டுபிடித்தார். பின்னால் நின்ற அம்மாளின் காகிதங்களை வாங்கி வரிசைப்படுத்திக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் நான்கு பேர் அவரை அலுவலக ஆள் என்று நினைத்து வந்து சந்தேகம் கேட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. பயத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

மூன்றாம் ஜன்னலுக்கு அவர் முறை வரும்போது பதினொன்றேகால். அதிகாரியம்மா ஒல்லியாக, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டோவைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நான்தான் மேடம்."

"உங்க தம்பியோன்னு பார்த்தேன்."

"எனக்குத் தம்பி இல்லைங்க."

"அடையாளக் குறின்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

டச்சப் தன் கையெழுத்தைத் தானே படித்தார். "இடது கன்னத்தில் மச்சம். நெற்றியில் வெட்டுத் தழும்பு."

அதிகாரியம்மா போட்டோவை அவர் பக்கம் திருப்பி, பூதக்கண்ணாடியையும் கூடவே நகர்த்தி வைத்தார். "எங்கே இருக்கு, காட்டுங்க."

டச்சப் குனிந்து பூதக்கண்ணாடி வழியே பார்த்தார். முந்தின நாள் கேமராவில் நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்த படம். எடுத்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மகளுக்கு என்னென்ன எடுத்துப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. போட்டோவில் இருந்தது நாற்பது வயது ஆசாமி ஒருவர். கவலையே இல்லாத முகம், துடைத்து வைத்த தட்டு மாதிரி.

"எதிர்க்கடை நீங்கதானே?" என்றார் அதிகாரியம்மா.

"ஆமாங்க."

"உங்களை ஒருதரம் பார்க்கணும்னு ரெண்டு வருஷமா நினைச்சிட்டிருக்கேன். வேற நாட்டு ஏர்போர்ட்ல, 'இது நீ இல்லை'ன்னு நிறுத்தி வெச்சா அவங்க யாருக்கு போன் பண்ணுவாங்க தெரியுமா? உங்களுக்கு இல்லை. எங்களுக்கு."

டச்சப்புக்குத் தெரியும். மகளுக்கு வலது காதோரம் காசு அளவுக்கு ஒரு மறு உண்டு. பிறவியிலேயே இருப்பது. அவள் பாஸ்போர்ட் படத்தில் அது கிடையாது. போய் இறங்கிய அன்றைக்கு மூன்று மணி நேரம் ஓர் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். "நான் நான்தான்னு சொல்லிப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுப்பா" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் அப்போது சிரித்தார்.

"மேடம், சாயங்காலம் ஏழு மணிக்கு விமானம். பொண்ணுக்கு ஆபரேஷன். தயவு பண்ணுங்க."

"இந்தப் படத்தை நான் ஒட்டினா உங்களை விமானத்துல ஏத்தமாட்டாங்க. பன்னிரண்டுக்கு ஜன்னலை மூடிடுவேன். இப்ப பதினொண்ணு இருபது. கடை எதிரேதானே? உள்ளதை உள்ளபடி ஒரு படம் எடுத்துட்டு வாங்க. வரிசையில நிக்க வேண்டாம், நேரா என்கிட்ட வாங்க."

டச்சப் ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அந்தச் சாலையை அவர் ஓடிக் கடந்ததைப் பார்த்துப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரம்மா இயந்திரத்தை ஓடவிட்டபடியே எழுந்து வந்துவிட்டாள்.

"என்னண்ணே, திருப்பி அனுப்பிட்டாங்களா?"

"ஆமா. நீ வந்து இந்த பட்டனை அமுக்கு. நேரம் வெச்சு ஓடறதுக்கெல்லாம் இப்ப தெம்பு இல்லை."

"உங்களையேவா திருப்பி அனுப்பிட்டாங்க? ஊருக்கெல்லாம் வாய் கிழிய யோசனை சொன்னீங்களே!"

"அமுக்கும்மா!"

அவள் அமுக்கினாள். படம் கம்ப்யூட்டரில் ஏறியது. டச்சப் அளவு வெட்டினார், பின்னணியைச் சரிபார்த்தார், அச்சுக்குக் கொடுக்கப் போனார். ஜெராக்ஸ்காரம்மா அவர் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"கையை எடுங்க!"

திரையைப் பார்த்தார். மச்சம் ஏற்கெனவே போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. "அடப்பாவி" என்று தன் கையைப் பார்த்துச் சொன்னார். ஜெராக்ஸ்காரம்மா மௌஸைப் பிடுங்கி, வந்தது வந்தபடி இருந்த படத்துக்குத் திரும்பப் போனாள்.

"இனி நீங்க தொடக்கூடாது. எதை அமுக்கணும்னு வாயால சொல்லுங்க."

சொன்னார். அச்சாகி வரும்வரை திரையில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சம் இருந்தது, தழும்பு இருந்தது, கண்ணுக்குக் கீழே இரண்டு இரவுத் தூக்கமின்மை இருந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சின்னக் கட்டிதான், சின்னக் கட்டிதான் என்று மூன்று நாளாகத் தெருவுக்கெல்லாம் சொல்லிவந்த ஆளின் முகமாக அது இல்லை. யாரிடமோ அடி வாங்கப் போகிறவனின் முகம். இதுவே வேறு யாருடையதாவது என்றால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்திருப்பார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஜெராக்ஸ்காரம்மா பொய் சொன்னாள். "ஓடுங்க."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூன்றாம் ஜன்னலில் நின்றார். அதிகாரியம்மா படத்தைப் பார்த்து, "இது நீங்க" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் ஒட்டினார். முத்திரையைக் கையில் எடுத்தார். பிறகு மருத்துவமனைக் கடிதத்தைக் கவரிலிருந்து உருவி, முழுதும் படித்தார். அந்த நாட்டுத் தூதரகத்தில் முன்பு வேலை பார்த்தவர், பாஷை தெரியும். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்று, முதல் பக்கத்துக்குப் போய், மறுபடி வந்தார். முத்திரையைக் கீழே வைத்தார்.

"இதை நீங்க படிச்சீங்களா சார்?"

காலையிலிருந்து இல்லாத சார் இப்போது எங்கிருந்தோ வந்திருந்தது. டச்சப்புக்கு அது பிடிக்கவில்லை.

"எனக்கு அந்த பாஷை தெரியாதுங்க."

"பொண்ணு என்ன சொன்னாங்க?"

"சின்னக் கட்டி. ரெண்டு நாள்ல வீடு."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார். "காகிதமெல்லாம் சரியா இருக்கு. நீங்க அங்கே போனதும் அவங்களே விவரமா சொல்லுவாங்க."

"மேடம்." டச்சப் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என் கடைப் படத்தை ரெண்டு வருஷமா ஒண்ணு விடாம திருப்பி அனுப்பினீங்க. இப்ப மட்டும் ஏன் மழுப்பறீங்க? என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லுங்க."

அதிகாரியம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கடிதத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கட்டி பெருசு. மூளையில பேச்சுக்குன்னு இருக்கிற இடத்துல இருக்கு. எடுத்தே ஆகணும். உயிருக்கு அவ்வளவா ஆபத்து இல்லைன்னு போட்டிருக்கு. ஆனா எடுத்ததுக்கு அப்புறம் பேச்சு இருக்குமான்னு உறுதி சொல்ல முடியாதாம். இல்லாம போனா திரும்ப வருமான்னும் சொல்ல முடியாதாம்." விரல் அடுத்த வரிக்குப் போனது. "அதனால, ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாவோட பேசணும்னு நோயாளி கேட்டிருக்காங்க. அதுக்காக அவருக்கு அவசரமா பயண வசதி செஞ்சு தரணும்னு கேட்டுக்கறாங்க."

"அப்பாவோட பேசணும்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

"அப்படியேவா?"

"அப்படியேதான் சார்."

அதிகாரியம்மா முத்திரை குத்தினார், கையெழுத்துப் போட்டார், "மூணரைக்கு அஞ்சாம் ஜன்னல்ல வாங்கிக்குங்க" என்று சீட்டைக் கொடுத்தார். டச்சப் நகரவில்லை. "சார், அங்கே போய் உட்காருங்க" என்றார் அவர். ஜன்னல் மூடியது.

மூன்றரை மணி நேரம் டச்சப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சந்தேகம் கேட்க வந்தவர்களிடம் தெரியாது என்று சொன்னார். மகள் மேல் முதலில் கோபம்தான் வந்தது. பெற்ற அப்பனிடம் மறைப்பாளா? பிறகு அந்தக் கோபமும் போய், வெறும் பயம் மட்டும் நின்றது. ஞாயிறுதோறும் அவள் போன் செய்வாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பார். அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பாள். "கடையில ஆள் நிக்குதும்மா, வெச்சிடட்டுமா" என்பார். நான்கு வருடத்தில் இருநூறு ஞாயிறாவது இருக்கும். அவள் அப்படி என்ன சொல்ல ஆரம்பித்தாள் என்று ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை.

மூன்று நாற்பதுக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. வெளியே வந்து, அலுவலகப் படிக்கட்டில் நின்று, போன் செய்தார்.

"கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுடுச்சு. நாளைக்குக் காலையில அங்கே இருப்பேன்."

"அப்பாடா! சரிப்பா, வெச்சிடறேன். நீங்க பெட்டி கட்டணும், ஏர்போர்ட்டுக்கு வேற—"

"வைக்காதே."

"என்னப்பா?"

"பேசு."

"என்னத்தைப் பேச?"

"எதையாவது. காலையில எழுந்ததுல இருந்து என்ன பண்ணே, அதைச் சொல்லு."

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு வாங்குவது கேட்டது, மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். காலையில் வந்த நர்ஸின் செருப்பு எலி மாதிரிக் கீச்சிடுகிறதாம். அடுத்த கட்டிலில் இருக்கிற அம்மாளுக்கு ஒன்பது பேரப்பிள்ளைகளாம், ஒன்பது பேர் பெயரும் குழம்பிப்போய் எல்லாரையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறாளாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு கட்டிடம் கட்டுகிறார்களாம், போன வாரம் இரண்டு மாடி இருந்தது, இப்போது மூன்றாகிவிட்டதாம்.

டச்சப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். எதிரே பூட்டியிருந்த தன் கடை வாசலில் யாரோ ஒருவர் நின்று, இவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவர் திரும்பிக்கொண்டு, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டார். மகள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் ஒரு "ம்" கூடக் கொட்டவில்லை. கொட்டினால் அவள் சொல்லில் ஒன்று அதில் அமுங்கிப் போய்விடும்.