காதுக்குப் பின்னால் ஒட்டியது

உடலை மூடியிருந்த துணியை விலக்கியதும் தையல்காரியின் தம்பி, மாமாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான். அவளோ கணவனின் தலையை மெல்லத் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் எதையோ தேடினாள். தலை முழுக்கக் கட்டு.

"என்னக்கா பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாமலா? நேற்று ஸ்கேனுக்கு முன் அவர் மொட்டைத் தலையில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "படத்துல இதெல்லாம் புள்ளியாத் தெரியும்மா. இத வச்சுதான் டாக்டர் மூளையில இருக்குற கட்டிக்கு வழி பாப்பாரு. ஒண்ணுகூட நகரக் கூடாது" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். மனுஷன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! "தலை பூரா பட்டன் வச்சிட்டாங்க, காஜா எங்கடி?" என்று கேலி பேசியபடியே சொறிந்தார். விடிந்து பார்த்தால் ஒன்று தலையணையில் கிடந்தது.

சொன்னால் மறுபடி ஸ்கேன் என்பார்கள், ஆபரேஷன் தள்ளிப்போகும். காலமெல்லாம் கண்ணளவிலேயே பட்டன் தைத்த கை அது. பசைத் தடம் பார்த்து ஒட்டி அழுத்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குடி சொல்றேன்?"

அப்படியே ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ரத்தம் நிக்கவே இல்லம்மா" என்றார், இப்போது அறை வாசலில் வந்து நின்ற டாக்டர்.

கேட்காமல் போனால் இனி ஒரு வாய் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர், ஒரு ஸ்டிக்கர் விழுந்துடுச்சு. நான்தான் திரும்ப ஒட்டினேன். அதனாலயா?"

"அக்கா!" என்று தம்பி பதறினான்.

"காதுக்குப் பின்னாடி இருந்ததுதானே? படத்தோட ஒத்துப் பாக்கும்போதே அது பொருந்தலன்னு மெஷின் காட்டிடுச்சு. அத விட்டுட்டு மத்தத வச்சுதான் பண்ணோம். சரியான இடத்துக்குத்தான் போனோம். கட்டி ரத்தக்குழாயோட ஒட்டியிருந்துச்சு. நீங்க காரணமில்லம்மா."

தம்பி பெருமூச்சு விட்டான். "கேட்டுட்டல்ல? வாக்கா."

அவள் நகரவில்லை.

"நான் ஒட்டினது எவ்வளவு தள்ளி இருந்துச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"சொல்லுங்க."

டாக்டர் தயங்கினார். "ஒரு விரல் அகலம் இருக்கும்."

அவள் தன் இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். அதை ஒட்டி இன்னொரு விரலை வைத்து, முதல் விரலை எடுத்தாள். தம்பி தோளைத் தொட்டுக் கூப்பிட்டான். மறுபடியும் முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள்.