கூலர் வைத்த வீடு

ஏர்கூலர் வாங்கிய பெருமையை நல்லகாமன் ஒத்தக்கடைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வேலையாக வீட்டு ஜன்னல்களை அடைத்தார். இடுக்கில் பேப்பரைத் திணித்துப் பசையும் தடவினார். பஸ் டெப்போவில் டைம்கீப்பர் அவர்.

"காத்து வெளிய போயிட்டா பெறகு என்னத்துக்குக் கூலரு? எங்க மேனேஜர் ரூம்புல ஒரு ஈ நொழைய முடியாது, தெரியும்ல" என்றார் மனைவியிடம்.

மேனேஜர் ரூமில் இருப்பது ஏசி என்று சொல்லக் கனகலட்சுமிக்கு வாய் வரை வந்தது. சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் கொடுப்பார் என்று விட்டுவிட்டாள்.

இரண்டே நாளில் வீடு இட்லிக் கொப்பரை ஆனது. உப்பு நீர்த்தது. தீக்குச்சி பற்றவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பாண்டிச்செல்வியின் கைக்குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. நல்லகாமனோ கூலரில் இன்னும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்.

பேரனைப் பார்க்கக் கருமாத்தூரிலிருந்து சம்பந்தி செல்லத்தாய் வந்தாள். பிள்ளையின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"மதினி, வெள்ளிக்கிழம காரோட வாரேன். தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். இங்கன இருந்தா வெந்துருவாக."

மூன்றாம் மாதம் முடியுமுன் பிள்ளை பெற்றவளைத் திருப்பிக் கூட்டிப் போனால், ஒரு மகளை வைத்துப் பார்க்க வக்கில்லை என்று ஊர் பேசும். கனகலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. அதைவிட, மகள் "சரி அத்தை" என்று உடனே தலையாட்டியதுதான் சுட்டது.

பக்கத்து வீட்டு மாடியில் வடகம் காயப்போட உதவிக்குப் போனபோது உச்சி வெயிலிலும் கால் சுடாதது அவள் நினைவுக்கு வந்தது. அவர்கள் தளத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுண்ணாம்புக்கல் வாங்கிவரச் சொல்லி நல்லகாமனிடம் மஞ்சப்பையை நீட்டினாள்.

"மஞ்சப்பையோட பஜாருக்கா? எவனாவது டெப்போக்காரன் பாத்தா என்ன நெனப்பான்? மாடிக்குச் சுண்ணாம்படிக்க இதென்ன மாட்டுக்கொட்டமா?"

"பேரனே போறான். ஒங்களுக்குப் பை கவல."

அவளே போய் வாங்கி வந்தாள். கல்லை நீற்றி, வடிகஞ்சி கலந்து, வெயில் தாழ்ந்ததும் நார் மட்டையால் இரண்டு பூச்சுப் பூசினாள். கீழே நின்று நல்லகாமன் சிரித்தார்.

"கோயில் மதிலுக்கு ஆள் வேணுமாம். போறியாடி?"

"கூலரப் பாத்துக்கங்க. ஈ நொழஞ்சிரப் போகுது."

இறங்கி வந்து பேப்பரைக் கிழித்தெறிந்து ஜன்னல்களைத் திறந்தாள். பகலில் வெயில் விழும் ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டாள். பிள்ளையின் வேர்க்குரு மெல்ல அடங்கியது.

வெள்ளிக்கிழமை செல்லத்தாய் வந்தபோது மத்தியானம், கரண்டும் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தவள் விசிறி கேட்கவில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். அது அசையாமல் தூங்கியது.

"பாத்தியா தங்கச்சி, கூலர் வேலையை" என்றார் நல்லகாமன்.

"கரண்டுதான் இல்லையேண்ணே."

"காலைல ஓடுன குளுமை அப்பிடியே நிக்கும். அதான் அதுல விசேஷம்."

பாண்டிச்செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். செல்லத்தாய் வாசலுக்குப் போய், டிரைவரிடம் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். தான் சாயங்காலம் பஸ்ஸில் வருவதாகவும் சொன்னாள். திரும்பும்போது மாடிப்படியில் சிந்திக் கிடந்த சுண்ணாம்பைப் பார்த்தாள்.

"மூணு மாசமும் இங்கயே இருக்கட்டும் மதினி. எங்க மாடிக்குச் சுண்ணாம்பு எம்புட்டுப் பிடிக்கும்?"

நல்லகாமன் முந்திக்கொண்டார். "அந்தக் கணக்கெல்லாம் எங்கிட்ட கேளு தங்கச்சி. இவளுக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

கனகலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப அவுக கூடவே பஸ் ஏறுங்க. போயி அடிச்சுக் குடுத்துட்டு வாங்க."