விழாத தொப்பி

எங்கள் ரோமில் வானத்துக் கடவுள் ஜூபிடருக்கு அடுத்தபடி பெரிய மனிதர் அவருடைய பூசாரி செர்வியுஸ்தான். அவர் என்னென்ன செய்யலாம் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். குதிரை ஏறக்கூடாது. வெள்ளாட்டைத் தொடக்கூடாது. மொச்சை என்று வாயால் சொல்லக்கூடாது. உடுப்பில் ஒரு முடிச்சு இருக்கக்கூடாது. ஓர் இரவுகூட ஊருக்கு வெளியே தங்கக்கூடாது.

இந்தக் கடைசி விதிதான் இப்போது கழுத்தை நெரித்தது. பல நாள் பயணத் தொலைவில், காப்புவா என்ற ஊரில் அவருடைய அண்ணன் சாகக் கிடந்தார். தம்பியைப் பார்க்க வேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டார். காப்புவாவுக்குப் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்ப ஜூபிடரால்தான் முடியும். அவருக்குக் கழுகு உண்டு.

"விட்டுத் தொலைங்களேன் இந்தப் பதவிய," என்றாள் மனைவி குளோலியா.

"நானா விட முடியாது. ஒண்ணு, நீ சாகணும். இல்ல, பலி நேரத்துல என் தொப்பி விழணும்."

"அப்ப தொப்பியே விழட்டும். எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு."

மாத நடுவில் மலைக்கோயிலில் செம்மறிப் பலி. செர்வியுஸ் தேவைக்கு மேல் குனிந்தார். கூம்புத் தொப்பி கழன்று உருண்டு, தலைமைக் குரு மானியுஸின் காலடியில் போய் நின்றது. கெட்ட சகுனம் யார் காதிலும் விழாதபடி ஊதுகிற குழல்காரன் மட்டும் இன்னும் பலமாக ஊதினான்.

"தொப்பி விழுந்துருச்சு," என்றார் செர்வியுஸ். குரலில் கொஞ்சம் சந்தோஷம் கசிந்துவிட்டது.

"எந்தத் தொப்பி?"

"என்னோடதுதான். உங்க கால்ல கிடக்கே."

செர்வியுஸ் விலகினால் அடுத்த பூசாரி ஆகும் வரிசையில் முதலில் நிற்பவன் மானியுஸின் மகன். குதிரைப் பைத்தியம். மானியுஸ் குனிந்து தொப்பியை எடுத்தார், தூசி தட்டினார், செர்வியுஸின் தலையில் வைத்து இரு கையாலும் அமுக்கினார்.

"தலையிலதானய்யா இருக்கு."

"இத்தனை பேர் பாத்தாங்களே."

மானியுஸ் திரும்பினார். "யாராச்சும் எதையாச்சும் பாத்தீங்களா?"

அங்கிருந்த கனவான்கள் ஒவ்வொருவருக்கும் அதே வரிசையில் ஒரு மகன் இருந்தான். எல்லோரும் செம்மறியையே உற்றுப் பார்த்தார்கள்.

"ஜூபிடர் பாத்திருப்பாரு."

"அவர் ஒண்ணும் சொல்லலையே," என்றார் மானியுஸ்.

வீட்டு வாசலில் கழுதைமேல் மூட்டை தயாராக இருந்தது. குளோலியா அவர் தலையைப் பார்த்தாள். மூட்டையை அவிழ்த்து, அவருடைய துணிகளை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். கழுதையில் ஏறிக்கொண்டாள்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லுவ?"

"தம்பி ரொம்பப் பெரிய ஆளாயிட்டாரு, வர முடியலன்னு சொல்றேன்."