இரண்டாவது குத்து

...சிநேகிதி என்று இருக்கிறவள் கூட்டத்தில் வாயைத் திறந்திருக்கலாமே, "சார், கஷ்டமான கையெல்லாம் நாங்கதான் அக்காகிட்ட தள்ளி விடுறோம்" என்று ஒரே ஒரு வார்த்தை, அவளுக்கு என்ன குறைந்துபோகும்... ரத்தம் எடுக்கும் அறையின் குழாயடியில் இவள் கை கழுவிக்கொண்டே நின்றாள், நுரை எப்போதோ போய்விட்டது, கைகள் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்தில் மேலாளர் திரையில் காட்டினாரே அந்தச் சிவப்புத் தூண், ஒரே ஆளுக்கு இரண்டு முறை ஊசி குத்தியதில் ஆஸ்பத்திரியிலேயே இவள்தான் முதலிடம், பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கும் அந்தச் சிநேகிதி கடைசி, அவளுக்குக் கைதட்டல், இவளுக்கு நாளையிலிருந்து ஊசி கிடையாது, ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னல்தான். "நம்பர் பொய் சொல்லாதும்மா" என்றார் மேலாளர். ஆமாம், சொல்லாது, எந்தக் கை யாரிடம் வந்தது என்று கேட்டால்தானே அதுவும் வாய் திறக்கும்! மருந்தேறி நரம்பு சுருங்கிய கை, நீர் வற்றிய கிழவர் கை, பார்த்ததுமே வீறிடும் குழந்தைக் கை, எல்லாம் இவளுக்கு. நரம்பு புடைத்த வாலிபப் பிள்ளைகள் அவளுக்கு. அனுப்பியது யார்? அவளேதான், "உங்க கைக்குத்தான்கா இது சிக்கும்" என்று கொஞ்சிக் கொஞ்சி, இவளும் அதில் உச்சி குளிர்ந்துபோய்... அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது தனக்கு ரத்தம் எடுக்க வேறு யாரையும் கிட்டவே விடவில்லையே பாவி, அப்போது மட்டும் இந்தக் கை இனித்ததா?

"அக்கா, மனசுல வெச்சுக்காதீங்க." வந்துவிட்டாள். நீ ஏண்டி பேசல என்று கேட்டேவிட்டாள் இவள். "என்னத்தக்கா பேசுறது, நம்பர் அப்படி வந்திருக்கே... கண் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்களேன்." நடிப்பில்லை, நிஜமான கரிசனம், அதுதான் வயிற்றெரிச்சல். மேலாளருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள் என்றால் நாலு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மன்னித்திருக்கலாம், அவள் நம்பியல்லவா விட்டாள், தன் கையால் தள்ளிவிட்டதையெல்லாம் மறந்து அந்தத் தூணை... "அப்புறம், இந்தப் பெரியவருக்கு நரம்பே தெரியலக்கா, கொஞ்சம் பாருங்க." பார், இப்போதும்! முகத்திலடித்தாற்போல் மாட்டேன் என்றிருக்க வேண்டும், ஆனால் பெரியவர் அதற்குள் சட்டைக்கையை மடித்துவிட்டார், காய்ந்து சுருங்கிய கை, இவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள், தட்டினாள், தடவினாள், குத்தினாள். ரத்தம் வரவில்லை. சற்று மேலே, இரண்டாவது குத்தில் வந்தது. நிமிர்ந்தபோது சிநேகிதி பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சொன்னேன்ல என்கிற பார்வை. போடி, இந்தக் கையில் நீ எத்தனை குத்து குத்தியிருப்பாய் என்று கேட்க நாக்கு வரை வந்தது, வந்தது அங்கேயே நின்றது, ஏனென்றால் இவளும் தன் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்... போன வருஷம் என்றால், முதல் குத்திலேயே கிடைத்திருக்குமோ?