மூன்று துப்பாக்கி, ஒரு சத்தம்

மேலுதட்டைச் சிரைக்கும்போது மட்டுமாவது வாயை மூடிக்கொண்டிருக்கும்படி நோரீன் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். ரஸல் டீட்டர் கேட்டால்தானே. மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிக் கிடக்கிறது, நாக்குக்கு அடியில் மார்ஃபின் கரைந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் தம்பி டாயில் உட்கார்ந்திருக்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது. அவள் சவரக்கத்தியை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"ஒழுங்கா பழக்கின ஊர்ப்படை. அரசியல் சட்டத்துல அதுதான் முதல்ல எழுதியிருக்கு. அப்புறம்தான்டா துப்பாக்கி" என்றார் ரஸல்.

"அப்புறம் ஜனங்களோட உரிமைன்னு எழுதியிருக்கே, அதையும் சொல்லுண்ணே. பேச்சுரிமையும் ஜனங்களுக்குத்தான். அதை ஒத்த ஆளு வெச்சுக்கலாம், துப்பாக்கிய மட்டும் ஊர் கூடித் தூக்கணுமா?"

"படைக்குத்தான் உரிமை. நீ எந்தப் படையில, எந்த வரிசையில நிக்கற?"

டாயில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு வலது காது போய்விட்டது. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேரப் போனவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக்கூடாததைப் பேசிவிட்டோம் என்று ரஸலுக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து நோரீன் மேலுதட்டை முடித்துவிட்டாள்.

டாயில்தான் மறுபடி ஆரம்பித்தார். "அது இருக்கட்டும். உன் அலமாரியில ஒரு மான் துப்பாக்கி இருக்கே, அது யாரோடது? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தோடதா?"

"அது பழக்கம்டா. உரிமை இல்ல."

"கேட்டுக்கோ நோரீன். உங்கப்பன் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல சட்டம் சொல்லிக் கொடுத்த லட்சணம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு ரஸலுக்கு இருமலாக மாறியது.

நாற்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பீன்ஸுக்கும் சோளரொட்டிக்கும் நடுவில் நடக்கிற சண்டை இது. துப்பாக்கி நாட்டு மக்கள் எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொள்கிற பொறுப்பு என்பார் அண்ணன். இல்லை, தனி மனிதன் ஒவ்வொருவனுக்கும் பிறப்போடு வந்த உரிமை என்பார் தம்பி. "ராத்திரி என் கதவை ஒருத்தன் உடைச்சா ஷெரீஃப் வர முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் உன் ஊர்ப்படைக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கிட்டு இருக்கவா?" என்று டாயில் கேட்டால் ரஸல் இன்னொரு சோளரொட்டியை எடுத்துக்கொள்வார். போன ஜூனில் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் டாயிலின் கட்சிக்குத் தீர்ப்புச் சொன்னது. அன்று சாயங்காலமே டாயில் ஸ்ட்ராபெர்ரி வைத்துச் சுட்ட பை பலகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ரஸல் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "அஞ்சுக்கு நாலு. நாலு நீதிபதிங்க என் பக்கம்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

விறகு அடுக்க டாயில் வெளியே போனதும் அப்பா நோரீனின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"குழிக்கிட்ட மூணு துப்பாக்கி சுடணும். மூணும் எங்க பழைய பட்டாளத்துச் சங்கத்துது. ஒருத்தன் வீட்டுத் துப்பாக்கியும் வரக்கூடாது. உன் சித்தப்பனோடது முக்கியமா வரக்கூடாது."

"சரிப்பா."

"மூணும் ஒரே சத்தமா கேக்கணும்."

"சத்தியமாப்பா. நான் பார்த்துக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று அவள் நினைத்தபோது, "அவன் சொல்றதுல பாதி சரிதான்" என்றார். "அவன்கிட்ட சொல்லித் தொலைச்சிடாத."

மதியம் தாண்டி மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது. நோரீன் இருபத்திரண்டு வருடமாக அந்த மலைப்பாதையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எத்தனையோ பனியைப் பார்த்திருக்கிறாள், பேருந்து சறுக்கிப் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறது. அப்போதுகூட அவள் இப்படி ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்ததில்லை. ஒரு மூச்சு போனது. அடுத்தது வருமா என்று அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது. மறுபடி போனது. ஜன்னல் வழியாகப் பனி வெளிச்சம் அவர் புதிதாகச் சவரம் செய்த முகத்தில் விழுந்தது. வெளியே டாயில் விறகை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடும் சத்தம். எவ்வளவு பெரிய காரியம் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று அவள் மலைத்துப்போனாள். அடுத்த மூச்சு வரவில்லை என்பது அவளுக்குப் புரிவதற்கே வெகுநேரம் ஆயிற்று.

மூன்றாம் நாள் காலை அடக்கம். அதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து உறைமழை கொட்டிச் சாலையெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. ராணுவத்திலிருந்து வரவேண்டிய இரண்டு பேரும், பக்கத்து ஊர்ச் சங்கத்திலிருந்து வரவேண்டியவரும் மலையின் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

தேவாலயத்தை ஒட்டிய முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கூடத்தில் கிழவர் வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வயது எண்பத்து நான்கு. மரியாதைச் சூடு சுடுகிற அணிக்கு அவர்தான் தலைவர். அவருக்குப் பக்கத்தில் தலை லேசாக ஆடியபடி ஆர்லி. ஒருகாலத்தில் ஏழு பேர் இருந்த அணி அது. செத்தவர்கள் போக, பிள்ளைகளோடு ஃப்ளோரிடாவுக்குப் போனவர்கள் போக, கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"அந்த மூணாவது ஆளு உங்கப்பாதாம்மா" என்றார் வெண்டல்.

சுவரோரச் சட்டகத்தில் ஏழு துப்பாக்கிகள் நின்றன. ராணுவம் சங்கத்தின் பொறுப்பில் கொடுத்து வைத்திருப்பவை. எதிலும் யார் பெயரும் கிடையாது. மரக்கட்டை மட்டும் பலபேர் கன்னம் பட்டுப் பட்டு ஒரே இடத்தில் வழவழத்திருந்தது.

கதவைத் திறந்துகொண்டு டாயில் உள்ளே வந்தார். கையில் அவருடைய சொந்த ரைஃபிள். தோல் வாருக்கு எண்ணெய் போட்டு மினுக்கியிருந்தார். "ஆள் குறையுதுன்னு கேள்விப்பட்டேன். நான் நிக்கறேன்."

"வெத்துத் தோட்டாதான் சுடணும் டாயில். உன்கிட்ட இருக்கிறது நிஜத் தோட்டா. மேல போனது எங்கேயாவது கீழே வருமில்ல?" என்றார் வெண்டல்.

"அப்ப ரெண்டு பேரே சுட்டுட்டுப் போங்க. எங்கண்ணனுக்கு அவ்வளவுதான் மரியாதைன்னு நினைச்சுக்கறேன்."

இரண்டு துப்பாக்கி என்றால் சத்தியம் போச்சு. சித்தப்பாவின் துப்பாக்கி என்றாலும் போச்சு. குழிக்கருகில் ஊர் ஜனம் குளிரில் காத்துக்கொண்டிருந்தது. நோரீன் போய்ச் சட்டகத்தில் மூன்றாவதாக இருந்ததை எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"சித்தப்பா, இதைப் பிடிங்க."

"அது சங்கத்துது. நான் சங்கத்து ஆளு இல்ல."

வெண்டல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னிக்கு நான் தலைவன். சேர்த்துக்கிட்டேன். காதைப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க."

டாயிலின் முகம் சிவந்தது. ரைஃபிளை மூலையில் சாத்தினார். வெண்டல் நகரவில்லை. "இடுப்புல இருக்கிறதும். வரிசையில நிக்கறவன்கிட்ட அவனோடதுன்னு எதுவும் இருக்கக்கூடாது. ரஸல் எழுதின விதி அது."

தேவாலயத்துக்குள் போகும்போதுகூட டாயில் அந்தக் கைத்துப்பாக்கியைக் கழற்றியதில்லை. மனைவி செத்த அன்றும் அது அவர் இடுப்பில் இருந்தது. என் கையிலிருந்து இதை எவனும் வாங்கினதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். 'நீங்க சொல்றதுல பாதி சரின்னு அப்பாவே சொன்னாரு சித்தப்பா' என்பது நோரீனின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கையை மட்டும் நீட்டினாள்.

அவர் உறையோடு கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அது அவர் உடம்புச் சூட்டில் இருந்தது. அதன்பிறகு இரண்டு கையாலும் சங்கத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

வெற்றுத் தோட்டாவுக்கு அந்தத் துப்பாக்கி தானாக அடுத்ததை ஏற்றிக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் கையால் பூட்டை இழுத்தால்தான் வெடித்த தோட்டாவின் காலிக் குப்பி வெளியே விழும். இதை டாயில் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். அணியில் நிற்கும்போது அண்ணன் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கையுறைதான் அவர் கையில் ஏறவே இல்லை. கழற்றி எறிந்துவிட்டு வெறும் கையோடு நடந்தார்.

தேசியக்கொடி போர்த்திய பெட்டி குழிமேல் இருந்தது. மூன்று பேரும் வரிசையில் நின்றார்கள். வெண்டல் வலது ஓரம், நடுவில் ஆர்லி, ரஸலின் இடத்தில் டாயில். உத்தரவு டாயிலின் செத்த காதுப் பக்கத்திலிருந்து வரும் என்பது நோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி மாற்ற முடியாது.

"சுடு!"

இரண்டு சத்தம் கேட்டது. டாயில் ஒரு கண்ணிமைப்புப் பிந்திவிட்டார். ஜனத்தில் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். நோரீன் கோட்டுப் பைக்குள் சித்தப்பாவின் கைத்துப்பாக்கியை இறுகப் பிடித்தாள்.

டாயில் பூட்டை இழுத்தார். குப்பி பனியில் விழுந்தது. அவர் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து ஆர்லியின் தோளோடு தன் தோளை ஒட்டவைத்தார். ஆடிக்கொண்டிருக்கிற அந்தக் கிழத் தோள் எந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்துகிறது, எப்போது மூச்சை உள்ளே இழுக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"சுடு!"

ஒரே சத்தம்.

"சுடு!"

மறுபடியும் ஒரே சத்தம். மூன்று துப்பாக்கி என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அது பள்ளத்தாக்கின் குறுக்கே போய் எதிர் மலையில் மோதி, அங்கிருந்து இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது. கண்ணாடியாய் உறைந்திருந்த மரங்களெல்லாம் நடுங்கிப் பனியை உதிர்த்தன. நோரீனுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. அழவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய சத்தம் தன் அப்பாவுக்காகவா என்று வாயைத் திறந்தபடி நின்றாள். கடைசி எதிரொலி வடக்கே எங்கோ போய் அடங்கும்வரை ஒருவரும் இருமவில்லை.

கொடியை மடித்து அவள் கையில் கொடுத்தார்கள். ஜெபம் முடிந்தது. ஜனங்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வழுக்காமல் இறங்கினார்கள், கீழே காபி இருந்தது.

சுட்ட இடத்தில் டாயில் மண்டியிட்டிருந்தார். சூடான குப்பிகள் பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தன. மேலே விரல் பருமனில் ஓட்டைகள் மட்டுமே தெரிந்தன. அவர் ஒவ்வொன்றிலும் விரலை விட்டு எடுத்துத் தொப்பிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டுதான் இருக்கு" என்றார்.

"விட்டுத்தள்ளு டாயில். பனி உருகினா தானா கிடைக்கும். கை விறைச்சுப் போயிடும்" என்றார் வெண்டல்.

"ஒன்பதும் சங்கத்துது. ஒண்ணை எப்படி விட்டுட்டுப் போறது?"

வெண்டல் இரண்டு துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப்போனார். டாயிலின் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. அவர் அவற்றை வாயில் வைத்து ஊதிவிட்டு மறுபடியும் பனிக்குள் விட்டார்.

நோரீன் கொடியைக் கோட்டுக்குள் மார்போடு வைத்துப் பொத்தானைப் போட்டாள். கையுறையைக் கழற்றினாள். அவருடைய கேட்கிற காதுப் பக்கமாகப் போய் மண்டியிட்டு, பனிக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.