நடுவில் இருக்கும் பூ

"திரும்பி வந்ததும் அந்த அறையைக் காலி பண்ணிடலாம்" என்று காலையில் டாரல் சொல்லியிருந்தான். டெல்லா ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். போன இலையுதிர் காலத்தில் இறந்துபோன அவர்கள் மகன் ஓவனின் அறை அது. இப்போது அவளுக்கு ஆறு மாதம். வரப்போகிற குழந்தைக்கு இடம் வேண்டும். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

யூட்டாவில் ஜூலை வந்தால், மலை தாண்டி வந்து அங்கே முதலில் குடியேறிய முன்னோடிகளின் அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு போவது பல வீடுகளில் உள்ள வழக்கம். மகள் ஐவி அங்கிருந்த பழைய கைவண்டியின் இழுதடியைப் பிடித்துத் தொங்கினாள்.

"உங்க முன்னோருங்க இதை மலை தாண்டி இழுத்துட்டு வந்தாங்கப்பா. நீங்க பால் வாங்கவே காரை எடுக்கறீங்க."

"வாயாடி, நீ ஏறி உட்காரு. இழுத்தே காட்டறேன்" என்று டாரல் சிரித்தான். ஓவன் போன பிறகு இப்படிச் சத்தமாகச் சிரிக்க அவன் பழகிக்கொண்டிருந்தான்.

மாடியில், கண்ணாடிச் சட்டத்துக்குள், குடும்பத்தில் இறந்தவர்களின் தலைமயிரால் பின்னிய மலர் வளையம் ஒன்று இருந்தது. டாரலின் கொள்ளுப்பாட்டிக்கும் தாயான கார்னெலியா செய்தது. பழுப்பு, கறுப்பு, நரை என்று பூக்கள். நடுவில் மட்டும் சின்னதாய், வெளுத்த பொன்னிறத்தில் ஒன்று.

"நடுவுல இருக்கறது யாரு?" என்றாள் ஐவி.

"கடைசியா இறந்தவங்களுக்குத்தான் நடு இடம், கண்ணு" என்றாள் அங்கே தொண்டு செய்யும் வெரா. "அடுத்தவங்க போனா, இவங்களை ஓரத்துக்கு நகர்த்திடுவாங்க. அதான் வழக்கம்."

டெல்லாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. நகர்த்திவிடுவார்கள். தூக்கி எறியவில்லை, ஓரத்துக்குத்தான். டாரல் சொன்னதும் அதேதான்.

"ஆனா இதைச் செஞ்ச இந்தம்மா பிடிவாதக்காரி" என்று வெரா தொடர்ந்தாள். "அது அவங்க பையன். மலை தாண்டி வர்ற வழியிலேயே போயிட்டான். அப்புறம் புருஷன் போனாரு, தங்கச்சி போனாங்க. அவங்களையெல்லாம் ஓரத்துல வெச்சாங்க. பையனை நகர்த்தவே இல்ல."

"புருஷனையே ஓரத்துலயா?" என்று ஐவி சிரித்தாள்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. டாரல் கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து நின்றான். அவன் மூச்சு அதில் படிந்து படிந்து மறைந்தது. ஓவனின் தலைமயிரும் அந்தப் பொன்னிறம்தான். டாரலும் அதைக் கவனித்துவிட்டான் என்று டெல்லாவுக்குத் தெரிந்தது. அவனைத் தொட வேண்டும் போலிருந்தது. தொட்டால் அவன் உடைந்துவிடுவானோ, அல்லது உடையாமலே நிற்பானோ, எது அதிகப் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டுக்குக் காரை ஓட்டும்போது, சாலையைப் பார்த்தபடியே அவன் சொன்னான்: "தொட்டில் கொஞ்ச நாளைக்கு நம்ம அறையிலேயே இருக்கட்டும். ஓவன் அறை அப்படியே இருக்கட்டும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயில் அந்தப் பெயர்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று டெல்லா கேட்கவில்லை. பின்னால் ஐவி முன்னோடிகளின் கைவண்டிப் பாட்டைத் தப்புத்தப்பாகப் பாடிக்கொண்டு வந்தாள். வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை உதைத்தது. அறை கிடைக்காமல் போன அதனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.