மடையோரம் இன்னும் கொஞ்சம்

கிடா வெட்டிப் போட்டது சங்கரபாண்டிதான். உடங்காட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் கண்மாய்க் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவனும் அப்படித்தான் தொடங்குவான்.

விமான நிலையத்தில் ஓடுதளத்தை நீட்டிக்கொண்டிருந்த சமயம் அது. கரிசல் மேல் ஓடுதளம் நிற்காது. மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரையே பிளந்து போடுகிற மண், விமானத்தையா தாங்கப் போகிறது? அதனால் கரிசலைச் சுரண்டி ஒரு ஓரமாக மலைபோலக் குவித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் சரள் கொட்டினார்கள். சரள் தேடி மண் காண்டிராக்ட்காரன் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் உடங்காட்டுப்பட்டிக் கண்மாய்க்கு வந்து சேர்ந்தான். அங்கே மேலே வண்டல், அதற்குக் கீழே விரலில் ஒட்டினால் லேசில் போகாத களிமண், களிக்குக் கீழே அவன் தேடிய சரள்.

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்மாய் மேடேறிப்போய், தூர்வாரச் சொல்லி மனுக் கொடுத்து ஓய்ந்த ஊர். இப்போது ஒருத்தன் தானாக வந்து, வண்டலை உங்கள் காட்டுக்கு அடித்துக்கொள்ளுங்கள், சரள் எனக்கு என்கிறான். கண்மாய்ச் சங்கத்துக்குத் தலைவனாக இருந்த சங்கரபாண்டி, கேட்ட அன்றைக்கே சரி என்றான். ஆழம் கூடினால் தண்ணீர் கூடும், இதில் என்ன யோசிக்க இருக்கிறது? வானத்தைப் பார்த்தே பிழைத்தவர்களுக்குத் தண்ணீர் வருமா என்பதுதான் காலம் காலமாகக் கவலை. வந்த தண்ணீர் கீழே இறங்கி ஓடிப்போகும் என்று யாருக்குத் தோன்றும்?

கடைசி நாளில், மண் அள்ளும் வண்டி ஓட்டிய இசக்கிதுரை இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கினான்.

"அண்ணாச்சி, மடையோரம் இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்களேன்" என்றான் சங்கரபாண்டி.

"எனக்குச் சொன்ன அளவு முடிஞ்சுது அண்ணாச்சி."

"என்னத்த அளவு? சாப்ட்டுட்டு இறக்குங்க. கெடாக்கறி கொதிக்குது, மோப்பம் வரலியா?"

அந்த வாசனைக்கு முன்னால் எந்த அளவு நிற்கும்? அவன் மனைவி வேலுத்தாய் குட்டியிலிருந்து வளர்த்த கிடா. அவள்தான் மசாலா அரைத்தாள். வண்டிக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை மடையோரத்தைத் தோண்டினார்கள். களி முழுக்கப் போய், சரளும் போய், அடியில் வெள்ளையாகப் பாறைப்பொடி தெரிந்தது. ஊரே கரையில் நின்று கைதட்டியது.

அந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. கண்மாய் நிறைந்தது. தாங்கிப் பிடிக்கக் களி இல்லாமல், நிறைந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. மறு வருஷமும் அதே கதை. மடைக்குக் கீழே வேலுத்தாய்க்கு ஒரு குறுக்கம் நிலம் உண்டு. மிளகாய் போடுவாள். மழை ஏமாற்றினாலும் கண்மாய்த் தண்ணீர் ரெண்டு நனைப்புக்கு வரும், செடி பிழைத்துக்கொள்ளும். அது இல்லையென்று ஆனபிறகு, விடியும் முன்னே வந்து நிற்கும் வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தாள். சங்கரபாண்டி கிடைத்த கூலிக்குப் போனான்.

இந்த வருஷம் ஊர் கூடி ஒரு முடிவுக்கு வந்தது. விமான நிலையத்து ஓரத்தில் வேண்டாமென்று குவித்த கரிசல் அப்படியேதான் கிடந்தது. கேட்டார்கள், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். டிராக்டர் டிராக்டராக அள்ளிவந்து கண்மாய்க்குள் பரப்பினார்கள். முதல் மழை நனைத்ததும், கிடை போட வந்த கீதாரியைக் கையோடு பிடித்துவந்து, அவருடைய செம்மறிகளை மொத்தமாக உள்ளே இறக்கினார்கள். ஆடுகள் பகல் முழுக்கச் சுற்றிச் சுற்றி மிதித்தன. மண் தோசைக்கல் மாதிரி இறுகியது. மடையோரப் பள்ளம் மட்டும் செங்குத்து. ஆடுகள் இறங்க மறுத்தன. ஆட்களே இறங்கி மிதித்தார்கள்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, நின்றது. இன்று வடியும் நாளை வடியும் என்று கரையிலேயே கிடந்த சங்கரபாண்டி, ஒரு நாள் வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்தான். வேலுத்தாய் மிளகாய் நாற்றுப் பாவினாள். தீப்பெட்டி ஆபீஸில் போய், இனி எனக்காக வேனை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊரில் வேறு யாரும் அவ்வளவு துணியவில்லை.

இந்த நேரத்தில்தான் அழைப்பு வந்தது. புது ஓடுதளத்துக்கு மண் கொடுத்த ஊர்களுக்குச் சென்னையில் மரியாதை செய்யப் போகிறார்களாம். ஊருக்கு ஒருத்தர், துணைக்கு ஒருத்தர், போக வர விமானம். சுற்றுலாக் கம்பெனியில் வேலை பார்க்கும் சுகுணா என்ற பெண் போனில் விவரம் சொன்னாள்.

விமான நிலையத்துச் சோதனையில் வேலுத்தாயின் பையிலிருந்து தீப்பெட்டி வந்தது. எடுத்தார்கள். அடியில் இன்னொன்று. பக்கவாட்டுப் பையில் இன்னொன்று. சீருடைக்காரப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா, கடையா வச்சிருக்கீங்க?"

"நான் எங்கன வச்சேன் தாயி! பையில அதுவா முளைக்குது. எடுத்துக்கிடுங்க, இனிமே எனக்கு அது வேண்டாம்."

விமானத்தில் வேலுத்தாய்க்கு ஜன்னலோரம். மேலே ஏறும்வரை கண்ணை மூடிக்கொண்டு சங்கரபாண்டியின் கையைப் பிறாண்டியவள், திடீரென்று ஜன்னலில் நெற்றியை ஒட்டினாள்.

"ஏங்க! அந்தா நம்ம கம்மா!"

"எங்கட்டி?"

"பனை வரிசை தெரியுதுல்லா, அங்கன. கண்ணாடியக் கெடத்துன மாதிரி மின்னுது. யம்மா, எம்புட்டுத் தண்ணி!"

அவன் எட்டிப் பார்ப்பதற்குள் விமானம் சாய்ந்துவிட்டது. "வெறும் வானம்லா தெரியுது."

"வரும்போது நீங்க ஓரத்துல உக்காருங்க. நான்தான் பாத்துட்டேனே."

விழாவில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். விமானம் வந்தால் வெளியூர்க்காரன் வருவான், வெளியூர்க்காரன் வந்தால் பிழைப்பு வரும், ஆனால் மண்ணும் நீரும் கெடாமல் வளர்வதுதான் வளர்ச்சி என்றார் ஒருவர். நல்ல பேச்சு. சங்கரபாண்டிக்கு அதில் மறுப்பு எதுவும் இல்லை. அவனுக்குச் சால்வை போட்ட பிறகு, சுகுணா ஒலிபெருக்கியை நீட்டி, விமான நிலையத்தால் உங்கள் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டாள்.

அவன் தொண்டையைச் செருமினான். "எங்க கம்மா கொஞ்சம் சீரழிஞ்சுது. எங்க தப்பும் அதுல உண்டு. இப்ப உங்க மண்ணப் போட்டே சரிபண்ணிட்டோம். தண்ணி பெருகிக் கெடக்கு. எல்லாரும் வந்து பாக்கணும்."

கைதட்டல் நிற்க நேரமானது. கீழே உட்கார்ந்திருந்த வேலுத்தாய், பக்கத்து நாற்காலிக்காரியிடம், "எங்க வீட்டுக்காரவுக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆவடியில் வேலுத்தாயின் தங்கை வீட்டில் சில நாள் தங்கினார்கள். திரும்புகிற அன்று சொன்னபடி அவனுக்குத்தான் ஜன்னலோரம். பின் இருக்கையில் திருச்செந்தூர் போகிற குடும்பம் ஒன்று. விமானம் இறங்கத் தொடங்கியதும், அவர்கள் செல்போனை ஜன்னலில் வைத்துப் படம் பிடித்தார்கள். "இந்த ஊர்ல இவ்வளவு குளமா!" என்றது ஒரு குரல். உண்மைதான். கருப்புக் காட்டுக்கு நடுவே ஒவ்வொரு கண்மாயாக வெயிலில் மின்னி மின்னி வந்தது.

பனை வரிசை வந்தது. பக்கத்தில் கீழூர்க் கண்மாய் வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தது. அதை அடுத்து, மின்னாமல், ஒரு கருப்புக் குழி. மடையோரம் மட்டும் கலங்கலாக ஒரு கை தண்ணீர், கழுவாத பானையின் அடி மாதிரி.

"தெரியுதா?" என்றாள் வேலுத்தாய்.

"மேகமா இருக்கு."

"வெயிலு கண்ணக் கூசுது. மேகம்ங்கிய?"

அவன் மடி மேல் கையை ஊன்றி எட்டினாள். அது பின்னால் போய் மறையும்வரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து இடுப்புப் பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். அது முன்பே சரியாகத்தான் இருந்தது.

"மடையோரந்தான் போயிருக்கும்" என்றான் அவன்.

"ம்."

"ஏசேன் என்னய. கெடா வெட்டுனவன் நான்தான?"

"என்னத்த ஏச? நானுந்தான மசாலா அரைச்சேன்."



மறுநாள் விடியும் முன்னே அவளே ரோட்டுக்குப் போய் நின்றாள். அவனும் கூடப் போனான். வேனை நிறுத்திய மாயகிருஷ்ணன் தலையை வெளியே நீட்டினான்.

"என்ன அத்தை, இனிமே ஆபீஸுக்கும் பிளேன்ல வருவியன்னுல்லா நெனச்சேன்!"

"ஒன் வேனுக்கு ரெக்க முளைச்சிருக்கான்னு பாக்க வந்தேன்லே. தள்ளி உக்காரச் சொல்லு."

உள்ளே சிரிப்பு கிளம்பியது. அவளும் சிரித்தாள். ஏறப்போனவள் படியில் நின்று திரும்பினாள். "நாத்த வாட விட்டுறாதீய. புடுங்கிக் கீழூர் நேசம்மாட்ட குடுத்துருங்க. அவியளுக்குத் தண்ணி நிக்கி."

வேன் போனது. வெளுத்ததும் அவன் காட்டுக்குப் போய் நாற்றைப் பிடுங்க உட்கார்ந்தான். நல்ல நாற்று. தண்டு பென்சில் மாதிரி திரண்டிருந்தது. இவ்வளவு செழிப்பாக நாற்று வந்து அவன் பார்த்ததில்லை. பாதிப் பாத்தி முடிந்தபோது போன் அடித்தது. சுகுணா.

"சார், அன்னைக்கு நீங்க பேசினது எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அடுத்த வாரம் ஃபிளைட்ல ஒரு குரூப் வர்றாங்க. கழுகுமலை பார்த்துட்டு, உங்க கண்மாயில பறவையும் பார்க்கணுமாம்."

"தண்ணி இல்லையேம்மா."

"பெருகிக் கெடக்குன்னு சொன்னீங்களே சார்?"

"அன்னைக்குக் கெடந்துச்சும்மா."

"சரி சார், பரவாயில்லை. பக்கத்துல தண்ணியோட வேற கண்மாய் எதாவது இருக்கா?"

"இருக்கு. கீழூர்ல இருக்கு. நல்லாவே இருக்கு."

"அவங்க என்ன சார் செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. எங்க கம்மாயிலயே காண்டிராக்ட்காரனுக்குச் சரள் போதுமானதா இருந்துச்சு."

போனை மடியில் செருகிக்கொண்டு, நாற்றுக்கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றினான். காலை விமானம் தாழ்வாக வந்தது. எப்போதும் நிமிர்ந்து பார்க்கிறவன் இன்றைக்கு நிமிரவில்லை. அந்த உயரத்திலிருந்து இந்த இடம் எப்படித் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். சாக்கைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வடிந்த கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கு வழியாகக் கீழூருக்கு நடந்தான். ஈரக் கரிசல் காலில் அப்பி அப்பிக் கனத்தது. மடையோரத்தில் மிச்சத் தண்ணீரும் இறங்கிப்போயிருந்தது, அந்த இடத்தில் மட்டும் காலில் எதுவும் அப்பவில்லை. அங்கே ஒட்டுவதற்கு மண் இல்லை.